ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரும் கத்தரிக்கோலும்: அமெரிக்கக் கூப்பனின் கதை

ஒரே நாளிதழில் ஒரே தேதியிட்ட பிரதிகளை நான்கு, ஐந்து என்று காசு கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டா? அமெரிக்காவில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போய் ஐந்து பேப்பர் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் செய்திப் பக்கங்களை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, நடுவில் செருகியிருக்கும் வண்ணத் தாள்களை மட்டும் உருவி எடுத்து, கத்தரிக்கோலோடு உட்காரும் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக அங்கே இருந்தன. அவர்கள் வெட்டியது கூப்பன்கள். சோப்புக்கு 50 சென்ட் தள்ளுபடி, பற்பசைக்கு 75 சென்ட் தள்ளுபடி, இரண்டு டப்பா சீரியல் வாங்கினால் 1 டாலர் தள்ளுபடி என்று சின்னச் சின்னச் சீட்டுகள்.

இப்படி வெட்டுகிறவர்களுக்கு எப்போதும் ஒரு கேள்வி இருந்தது. ஞாயிறு பேப்பர் எங்கே மலிவாகக் கிடைக்கும்? கேட்பதற்கு அற்பமாகத் தெரியும் இந்தக் கேள்விக்குள் விலைக் கொள்கை, விளம்பர வருமானம், பத்திரிகை விற்பனைக் கணக்கு என்று வணிகவியல் பாடப்புத்தகத்தின் பாதி அத்தியாயங்கள் அடங்கியிருக்கின்றன. தள்ளுபடி விலை யாருக்குக் கிடைக்க வேண்டும், யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்ற கேள்வியும் அதற்குள்தான் இருக்கிறது. கதையை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

முதல் சீட்டு

கூப்பனின் பிறந்த ஊர் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா. 1886இல் அங்கே ஜான் பெம்பர்ட்டன் என்ற மருந்தாளர் ஒரு பானத்தை உருவாக்கினார். அதுதான் கோக்கா கோலா. சில ஆண்டுகளில் அது ஏசா கேண்ட்லர் என்ற வியாபாரியின் கைக்கு வந்தது. அன்றைக்கு ஒரு கிளாஸ் கோக்கா கோலா 5 சென்ட். பெயரே தெரியாத ஒரு பானத்தை யார் காசு கொடுத்துக் குடித்துப் பார்ப்பார்கள்? அதற்குக் கண்டுபிடித்த வழிதான் இலவசச் சீட்டு. சீட்டைக் கடையில் கொடுத்தால் ஒரு கிளாஸ் இலவசம். கடைக்காரருக்கு உரிய காசைக் கம்பெனி கொடுத்துவிடும். 1880களின் இறுதியில் தொடங்கிய இந்தச் சீட்டுகளைத்தான் அமெரிக்கக் கூப்பனின் தொடக்கமாகப் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

இந்த முதல் சீட்டிலேயே கூப்பனின் இலக்கணம் முழுக்க இருக்கிறது. தள்ளுபடி கொடுப்பவர் கடைக்காரர் அல்ல, உற்பத்தியாளர். கடைக்காரர் வெறும் இடைத்தரகர். சீட்டை வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுத்துவிட்டு, பிறகு கம்பெனியிடம் காசை வசூல் செய்துகொள்வார்.

அடுத்து இதைக் கையில் எடுத்தவர் மிச்சிகன் மாநிலம் பேட்டில் கிரீக் ஊரைச் சேர்ந்த சி. டபிள்யூ. போஸ்ட். காலை உணவுத் தானியம் விற்ற இவர், தன் கிரேப் நட்ஸ் பொட்டலத்துக்கு 1 சென்ட் தள்ளுபடிச் சீட்டு கொடுத்தார். கோக்கா கோலா சீட்டு ருசி பார்க்க வைத்தது என்றால், போஸ்ட்டின் சீட்டு மளிகைச் செலவைக் குறைத்தது. கூப்பன் என்றதும் இன்றைக்கு நினைவுக்கு வருவது இந்த இரண்டாவது வகைதான்.

மந்தத்தில் வளர்ந்த பழக்கம்

1929இல் பங்குச் சந்தை சரிந்து, 1930கள் முழுவதும் பெருமந்தம் நீடித்தபோது, 1 சென்ட்டும் 2 சென்ட்டும் குடும்பங்களுக்குப் பெரிய விஷயமாயின. கூப்பன் சேர்ப்பது சாதாரண வீட்டுப் பழக்கமானது அப்போதுதான். பிறகு 1940களில் சூப்பர்மார்க்கெட்டுகள் பெருகின. சிறு மளிகைக்கடையில் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதைத்தான் வாங்க முடியும். சூப்பர்மார்க்கெட்டில் வாடிக்கையாளரே அலமாரியிலிருந்து எடுக்கிறார். பத்து வகைச் சோப்பு வரிசையாக இருக்கும் இடத்தில் அவர் கை எந்தச் சோப்பை நோக்கிப் போகும் என்பதைப் பையிலுள்ள ஒரு சீட்டு முடிவு செய்யும். உற்பத்தியாளர்களுக்குக் கூப்பன் மேல் ஆசை வந்ததற்கு இதுவே போதுமான காரணம்.

சீட்டுகள் பெருகப் பெருக ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது. ஒரு கடைக்கு வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் சீட்டுகள் சேரும். அவை நூறு கம்பெனிகளுடையவையாக இருக்கும். ஒவ்வொன்றையும் பிரித்து அந்தந்தக் கம்பெனிக்கு அனுப்பிக் காசு வாங்குவது கடைக்காரரால் ஆகிற காரியமா? வங்கிகளுக்குள் காசோலைகள் கிளியரிங் ஆவதைப் போல கூப்பனுக்கும் ஒரு கிளியரிங் ஹவுஸ் தேவைப்பட்டது. 1957இல் நீல்சன் நிறுவனம் இதற்கென்றே ஒன்றைத் தொடங்கியது. கடைகள் மூட்டையாகக் கட்டி அனுப்பும், கிளியரிங் ஹவுஸ் பிரித்து எண்ணும், கம்பெனிகள் பணம் கட்டும். பிற்காலத்தில் இந்தப் பிரிக்கும் வேலையின் பெரும்பகுதி கூலி குறைந்த மெக்சிக்கோவுக்குப் போய்விட்டது. ஒஹையோவில் ஒரு குடும்பத் தலைவி வெட்டிய சீட்டை எல்லை தாண்டி இன்னொரு பெண் கையால் எண்ணினார்.

கடைக்காரருக்கு இந்தத் தொல்லைக்கு என்ன லாபம்? கூப்பனின் முகமதிப்போடு, கையாளும் கூலியாக ஒரு சீட்டுக்கு சில சென்ட்டுகள் கம்பெனி கொடுக்கும். பல ஆண்டுகளாக அது 8 சென்ட் என்றே இருந்தது. சீட்டின் அடியில் எறும்பு எழுத்தில் இன்னொரு வரியும் இருக்கும்: ரொக்க மதிப்பு 1 சென்ட்டில் நூறில் ஒரு பங்கு! இது வேடிக்கைக்காக அச்சிட்டதல்ல. கூப்பன்களையும் பழைய வணிக முத்திரைகளைப் போலவே நடத்தி, ரொக்க மதிப்பு குறிப்பிட வேண்டும் என்று சில மாநிலச் சட்டங்கள் சொல்கின்றன. அந்தச் சட்டத்தைத் திருப்திப்படுத்த எவ்வளவு குறைவாகப் போட முடியுமோ அவ்வளவு குறைவாகப் போட்டுவிட்டார்கள்.

ஏன் ஞாயிற்றுக்கிழமை?

ஆரம்பத்தில் கூப்பன்கள் பத்திரிகைத் தாளிலேயே விளம்பரத்தோடு விளம்பரமாக அச்சாகின. வார நாட்களில் ஒரு நாளை உணவுப் பக்கத்துக்கு ஒதுக்கி, அதில் மளிகை விளம்பரங்களைப் பத்திரிகைகள் நிரப்பின. வார இதழ்களிலும் கூப்பன்கள் வந்தன. இதை மாற்றியவர் மிச்சிகனைச் சேர்ந்த ஜார்ஜ் வலாசிஸ். அவர் 1970இல் தொடங்கிய நிறுவனம் 1972இல் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. பல கம்பெனிகளின் கூப்பன்களை ஒரே சிறு புத்தகமாக, வழவழப்பான தாளில் நல்ல வண்ணத்தில் தனியாக அச்சடித்து, அதைக் கட்டுக் கட்டாக நாடு முழுக்க உள்ள பத்திரிகைகளுக்கு அனுப்பிவிடுவது. பத்திரிகைக்காரர் செய்ய வேண்டியது நடுவில் செருகுவது மட்டும்தான். செருகுவதற்கு ஆயிரம் பிரதிக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு.

அச்சுச் செலவைப் பத்து இருபது கம்பெனிகள் பங்கிட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் மலிவாக முடிந்தது. பிற்பாடு ரூப்பர்ட் மர்டாக்கின் நியூஸ் அமெரிக்கா நிறுவனமும் இதே தொழிலில் இறங்கியது. வலாசிஸின் இணைப்பு ரெட்பிளம் என்ற பெயரிலும், மர்டாக்கின் இணைப்பு ஸ்மார்ட்சோர்ஸ் என்ற பெயரிலும் வந்தன. பிராக்டர் அண்ட் கேம்பிள் தன் சரக்குகளுக்கு மட்டும் தனியாக ஓர் இணைப்பை வெளியிட்டது.

இதற்கெல்லாம் ஞாயிறு பேப்பரே தோதாக இருந்தது. அன்றைக்குத்தான் அதிகப் பிரதிகள் விற்கும், அன்றைக்குத்தான் பேப்பர் வீட்டில் நாள் முழுக்கக் கிடக்கும், அந்த வாரத்து மளிகைப் பட்டியலைப் போடுவதற்கும் அன்றைக்குத்தான் நேரம் இருக்கும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ஞாயிறு நாளிதழ்களின் மொத்த விற்பனை சுமார் 6 கோடியே 20 லட்சம் பிரதிகள். கூப்பனும் உச்சத்தைத் தொட்டது அப்போதுதான். 1992இல் விநியோகமான கூப்பன்கள் சுமார் 31,000 கோடி. கடைகளில் கொடுக்கப்பட்டவை சுமார் 770 கோடி. அதாவது நூறில் இரண்டரை.

97 சீட்டு வீணாவது நஷ்டமா?

நூறு சீட்டில் 97 குப்பைக்குப் போகிறது என்றால் கம்பெனிகள் ஏன் இவ்வளவு செலவு செய்தன? பேசாமல் எல்லோருக்கும் 10 சென்ட் விலையைக் குறைத்துவிட்டுப் போகலாமே? இங்கேதான் பொருளியல் பாடத்தில் வரும் விலைபேதம் வருகிறது.

ஒரு சலவைத்தூள் டப்பா 5 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விலையைப் பார்க்காமல் எடுத்துப் போகிறவர் ஒருவர். 4 டாலராக இருந்தால்தான் வாங்குவேன், இல்லையென்றால் வேறு தூளுக்கு மாறிவிடுவேன் என்பவர் இன்னொருவர். முதலாமவரின் தேவை நெகிழ்ச்சி குறைவு, இரண்டாமவருடையது அதிகம். எல்லோருக்கும் 4 டாலர் என்று வைத்தால் முதலாமவரிடம் கிடைக்க வேண்டிய 1 டாலர் போய்விடும். எல்லோருக்கும் 5 என்று வைத்தால் இரண்டாமவரே போய்விடுவார். ஆனால் கடையில் நிற்பவர்களில் யார் எந்த வகை என்று எப்படித் தெரியும்? நெற்றியில் எழுதி ஒட்டியா இருக்கிறது?

கூப்பன் அந்த வேலையைச் செய்கிறது. பேப்பர் வாங்கி, தேடி, வெட்டி, தேதி முடிவதற்குள் மறக்காமல் கடைக்கு எடுத்துவருகிற சிரமத்தைப் படுகிறவர் விலையைப் பார்க்கிறவர். படாதவர் பார்க்காதவர். ஆக, சிரமம்தான் சல்லடை. சிரமம் இல்லாமல் எல்லோருக்கும் கிடைத்துவிட்டால் கூப்பனுக்கு அர்த்தமே இல்லை. 1984இல் சக்கரவர்த்தி நரசிம்மன் என்ற பேராசிரியர் மார்க்கெட்டிங் சயன்ஸ் ஆய்விதழில் எழுதிய கட்டுரை இந்தக் கருத்தை முறையாக நிறுவியது. கூப்பன் பயன்படுத்துகிறவர்கள் விலைக்கு அதிகம் அசைகிறவர்கள் என்பதோடு, ஒருவருடைய நேரத்தின் விலையும் இதில் சேர்ந்திருக்கிறது என்று அது காட்டியது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சல்லடைக்குள் நுழைவதற்கே ஒரு நுழைவுச்சீட்டு தேவை. அந்த நுழைவுச்சீட்டுதான் ஞாயிறு பேப்பர். அதன் விலை ஏறினால், நேரம் இருந்தும் காசு இல்லாதவர் வாசலிலேயே நின்றுவிடுவார். யாருக்குத் தள்ளுபடி மிகவும் தேவையோ அவருக்கே அது எட்டாது. மலிவான பேப்பர் தேடுவது சிக்கன ஆசையோடு மட்டும் நிற்கவில்லை என்று சொல்வது இதனால்தான்.

மலிவாகத் தேடிய கதை

கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்தத் தேடல் புரியும். பேப்பர் 2 டாலர் என்றால், அதிலிருந்து உண்மையிலேயே பயன்படும் 50 சென்ட் கூப்பன்கள் 4 இருந்தால்தான் போட்ட காசு திரும்பும். ஐந்தாவதிலிருந்துதான் லாபம். பேப்பர் 1 டாலர் என்றால் 2 கூப்பன் போதும். 3 டாலர் என்றால் 6 வேண்டும். வழக்கமாக வாங்காத பொருளின் கூப்பனை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தள்ளுபடி கிடைக்கிறதே என்று தேவையில்லாததை வாங்கினால் அது சேமிப்பு ஆகாது, செலவுதான்.

சில சூப்பர்மார்க்கெட்டுகள் போட்டியில் இறங்கி, கூப்பன் மதிப்பை இரட்டிப்பாக்கிக் கொடுத்தன. 50 சென்ட் சீட்டுக்கு 1 டாலர் கழியும். கூடுதல் 50 சென்ட்டைக் கடையே ஏற்றுக்கொள்ளும். இப்படிப்பட்ட கடை பக்கத்தில் இருந்தால் மேலே சொன்ன கணக்கு பாதியாகிவிடும். 2 டாலர் பேப்பருக்கு 2 கூப்பன் போதும்.

இரண்டாவது பேப்பர் வாங்கலாமா, மூன்றாவது வாங்கலாமா என்பதற்கு இறுதிநிலைப் பயன்பாட்டு விதிதான் பதில். முதல் பேப்பரில் எல்லாக் கூப்பனும் புதிது. இரண்டாவதில் அதே கூப்பன்கள்தான் மறுபடி வரும், ஆகவே இரண்டு டப்பா தேவைப்படுகிற பொருட்களுக்கு மட்டுமே அது உதவும். மூன்றாவதில் இன்னும் குறையும். வீட்டில் ஓர் ஆளுக்கு ஒரு பேப்பர் என்ற வழக்கு கூப்பன்காரர்களிடையே பரவியது இந்தக் கணக்கின் தோராயமான வடிவம்தான்.

பேப்பரை மலிவாகப் பெற அவர்கள் கண்ட வழிகள் பல:

- முந்தின பதிப்பு. பல நகரங்களில் ஞாயிறு பேப்பரின் முதல் பதிப்பு சனிக்கிழமையே கடைக்கு வந்துவிடும். கடைசி நேரச் செய்தியும் விளையாட்டு முடிவும் அதில் இருக்காது. கூப்பன்காரருக்கு அது ஒரு குறையே இல்லை. ஆனால் எல்லா ஊர் முதல் பதிப்பிலும் இணைப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது, புரட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

- ஒரு டாலர் கடைகள். டாலர் ட்ரீ போன்ற, எந்தப் பொருளும் 1 டாலர் என்று விற்ற கடைகளின் பல கிளைகளில் ஞாயிறு பேப்பரும் 1 டாலருக்கே கிடைத்தது. பக்கத்துப் பெட்ரோல் பங்கில் அதே பேப்பர் முழு விலை. காலை சீக்கிரமே தீர்ந்துவிடும் என்பதால் கடை திறக்கும் நேரத்துக்கே வரிசை நிற்கும். டாலர் ட்ரீயும் 2021 இறுதியில் தன் அடிப்படை விலையை 1.25 டாலராக உயர்த்திவிட்டது.

- வார இறுதிச் சந்தா. தினமும் வேண்டாம், ஞாயிறு மட்டும் போதும் என்றால் கடை விலையை விடக் குறைவு. புதிய சந்தாதாரருக்கு முதல் சில மாதம் பாதி விலை என்று பத்திரிகைகளே கூவி அழைக்கும். சலுகைக் காலம் முடிந்ததும் விலை ஏறும், அப்போது நிறுத்திவிட்டு மறுபடி புதிதாகச் சேர்வார்கள்.

- கேட்டு வாங்குவது. கூப்பன் வெட்டாத அக்கம்பக்கத்தார், வேலை செய்யும் இடம், காபிக்கடை மேசை, மறுசுழற்சிக் கூடை என்று எங்கெல்லாம் பேப்பர் படிக்கப்பட்டுக் கிடக்குமோ அங்கெல்லாம் கேட்டு வாங்கினார்கள். சில நூலகங்களில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். தனக்கு வேண்டாத கூப்பனைப் போட்டுவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். குழந்தை இல்லாத வீட்டின் டயப்பர் கூப்பன் குழந்தை உள்ள வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இதில் ஏமாறுகிற இடமும் உண்டு. எல்லாப் பேப்பரிலும் ஒரே இணைப்பு வராது. பெருநகரப் பத்திரிகையில் முழுப் புத்தகம் வரும். சிறு ஊர்ப் பத்திரிகையில் பக்கங்கள் குறைவாக இருக்கும், ஒரே கூப்பனின் மதிப்பே ஊருக்கு ஊர் மாறும். எந்த ஊரில் போட்டி எப்படி என்று பார்த்துக் கம்பெனி தீர்மானிக்கும். ஆகவே 75 சென்ட்டுக்குக் கிடைத்த உள்ளூர்ப் பேப்பரை விட 2 டாலர் கொடுத்த நகரப் பேப்பரே மலிவாக முடிவதுண்டு. ஈஸ்டர் போன்ற விடுமுறை வாரங்களில் பெரும்பாலும் இணைப்பே வராது. தெரியாமல் ஐந்து பிரதி வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான்.

பத்திரிகை ஏன் மலிவாகக் கொடுத்தது?

2 டாலர் பேப்பரை 1 டாலருக்கு விற்றால் பத்திரிகைக்கு நஷ்டம் இல்லையா? மேலோட்டமாகப் பார்த்தால் நஷ்டம்தான். ஆனால் அமெரிக்க நாளிதழின் வருமானத்தில் பெரும்பங்கு அன்று விளம்பரத்திலிருந்து வந்தது, வாசகர் கொடுக்கும் விலையிலிருந்து அல்ல. விளம்பரக் கட்டணம் விற்பனைப் பிரதிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கூப்பன் இணைப்புக்கும் ஆயிரம் பிரதிக்கு இவ்வளவு என்றுதானே காசு. ஆகவே ஒரு பிரதி கூடுதலாக விற்றால் அதன் விலையில் விட்டதை விளம்பரத்தில் பிடிக்கலாம்.

எத்தனை பிரதி விற்றது என்று சான்று கொடுத்த அமைப்பு ஆடிட் பீரோ ஆஃப் சர்க்குலேஷன்ஸ். நிர்ணய விலையில் குறைந்தது பாதியாவது வாசகர் கொடுத்திருந்தால்தான் அதை விற்ற பிரதியாகக் கணக்கில் எடுப்போம் என்பது அதன் பழைய விதி. 2001இல் அதைக் கால் பங்காகத் தளர்த்தினார்கள். பிறகு அந்த வரம்பும் போய், காசு கொடுத்து வாங்கினால் போதும் என்ற நிலை வந்தது. பேப்பர் விற்பனை சரியத் தொடங்கிய காலத்தில் விதி தளர்ந்தது தற்செயல் அல்ல.

கூப்பன்காரர் 1 டாலருக்கு நான்கு பிரதி வாங்கினால் அந்த நான்கும் விற்ற பிரதிகள். அவர் முதல் பக்கத்தைப் படித்தாரா என்று யாரும் கேட்கவில்லை. சில பத்திரிகைகள் இன்னும் ஒரு படி போய், செய்தியே இல்லாமல் விளம்பரத்தையும் கூப்பனையும் மட்டும் ஒரு கட்டாக்கி, கேட்டவர் வீட்டுக்கு இலவசமாகவே போட்டன. சண்டே செலக்ட் என்று அதற்குப் பெயர். பேப்பரிலிருந்து செய்தியை எடுத்துவிட்டாலும் தொழில் நடந்தது என்பதே எதற்கு மதிப்பு இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது.

கூப்பனை நிறுத்தியபோது

நூறில் இரண்டு சீட்டுக்காக இவ்வளவு காகிதமா, கூப்பனை விட்டுவிட்டு விலையையே குறைப்போமே என்று ஒரு கம்பெனி உண்மையிலேயே முயன்றது. அது பிராக்டர் அண்ட் கேம்பிள். 1996 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் மேற்கு, மத்தியப் பகுதிகளில் பஃபலோ, ராச்செஸ்டர், சிராக்யூஸ் நகரங்களில் தன் கூப்பன்கள் எல்லாவற்றையும் சோதனையாக நிறுத்தியது. வேறு சில பெரிய கம்பெனிகளும் அங்கே கூப்பனைக் குறைத்தன.

கணக்குப்படி பார்த்தால் இது எல்லோருக்கும் நல்லதுதான். ஆனால் மக்கள் கொதித்துவிட்டார்கள். கையெழுத்து இயக்கம், பொதுக் கூட்டம், சரக்குப் புறக்கணிப்பு என்று எதிர்ப்பு வளர்ந்தது. காரணம் எளிது. எல்லோருக்கும் 5 சென்ட் குறைந்தால், நேற்று வரை 50 சென்ட் குறைத்து வாங்கியவருக்கு விலை 45 சென்ட் ஏறியதாகத்தான் அர்த்தம். உழைத்துச் சம்பாதித்த தள்ளுபடியை, உழைக்காதவர்களுக்கும் சேர்த்துப் பங்கிட்டுக் கொடுத்ததைப் போல அவர்களுக்குப் பட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தியது கூட்டுச்சதியா என்று மாநில அட்டர்னி ஜெனரல் விசாரணை தொடங்கினார். 1997இல் சோதனை கைவிடப்பட்டது. அதே ஆண்டு பிராக்டர் அண்ட் கேம்பிள், மேலும் ஒன்பது உற்பத்தியாளர்கள், வெக்மன்ஸ் சூப்பர்மார்க்கெட் ஆகியோர், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், 42 லட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டார்கள். அந்தத் தொகை மக்களுக்கு எந்த வடிவில் போனது தெரியுமா? கூப்பனாகத்தான்!

சீட்டு காசானால் திருட்டும் வரும்

கூப்பன் கிட்டத்தட்டக் காசு என்பதால் மோசடியும் கூடவே வளர்ந்தது. கடையில் யாரும் கொடுக்காத கூப்பன்களை மொத்தமாக வெட்டி, சரக்கு விற்றதாகக் காட்டிக் கம்பெனியிடம் காசு வாங்கும் வேலை 1970களில் பெருகியது. இதைப் பிடிக்க அமெரிக்கத் தபால் துறையின் புலனாய்வாளர்கள் 1977 டிசம்பரில் ஒரு பொறி வைத்தார்கள். பிரீன் என்ற புதிய சலவைத்தூளுக்கு 25 சென்ட் கூப்பனை நியூயார்க் வட்டாரப் பத்திரிகைகளில் வெளியிட்டார்கள். அப்படி ஒரு தூளே கிடையாது. இருந்தும் அதை விற்றதாகச் சொல்லிப் பல்லாயிரம் கூப்பன்கள் காசு கேட்டு வந்து சேர்ந்தன!

அடுத்த அலை 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வந்தது. வேலை போன குடும்பங்கள் மறுபடி கத்தரிக்கோலை எடுத்தன. பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்த கூப்பன் பயன்பாடு 2009இல் உயர்ந்தது. 2010 டிசம்பரில் டிஎல்சி தொலைக்காட்சியில் தலைகாட்டிய எக்ஸ்ட்ரீம் கூப்பனிங் நிகழ்ச்சி 2011இல் தொடராகவே வந்தது. நூற்றுக்கணக்கான டாலர் சரக்கைச் சில டாலருக்கு வாங்கும் பெண்களை அது காட்டியது. அதன் பின்விளைவாக, வீட்டு வாசலிலிருந்தும் விற்பனைப் பெட்டிகளிலிருந்தும் ஞாயிறு பேப்பர் திருடுபோவதாகப் பல ஊர்களில் புகார் எழுந்தது. பெட்டியில் ஒரு பிரதிக்குக் காசு போட்டுத் திறந்து, உள்ளே இருக்கும் அத்தனையையும் அள்ளிப் போவது ஒரு வகை. 2012இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் கோடிக்கணக்கான டாலர் பெறுமான போலிக் கூப்பன்கள் பிடிபட்டன. கடைகள் விதிகளை இறுக்கின. ஒரே கூப்பன் ஓர் ஆளுக்கு இத்தனைதான், இரட்டிப்பு கிடையாது என்று அறிவிப்புகள் வந்தன. தொலைக்காட்சிக்காக வாங்கியவர் பத்து பேர் என்றால், அந்த விதிகளால் நஷ்டப்பட்டவர்கள் இரண்டு டப்பா டயப்பருக்காகச் சீட்டு வெட்டிய சாதாரணக் குடும்பங்கள்.

கத்தரிக்கோலுக்குப் பின்

அதன் பிறகு நடந்ததை யூகிக்கலாம். பேப்பர் விற்பனை சரியச் சரியப் பத்திரிகைகள் விலையை ஏற்றின, இணைப்புகள் மெலிந்தன. விலை ஏறி உள்ளிருப்பது குறைந்தால் வெட்டுகிறவர் கணக்கு உதைக்கும். அவர் வாங்குவதை நிறுத்தினால் விற்பனை இன்னும் சரியும். கம்பெனிகள் கூப்பனைக் கைபேசிச் செயலிகளுக்கு மாற்றின. 2020ஐ ஒட்டி, கடைகளில் பயன்படும் கூப்பன்களில் டிஜிட்டல் கூப்பன் ஞாயிறு இணைப்பை முந்தியது. மர்டாக்கின் நிறுவனமும் 2020இல் அந்தத் தொழிலின் பெரும்பங்கை விற்றுவிட்டது. கூப்பன் பிறந்த ஊரின் நாளிதழான அட்லாண்டா ஜர்னல் கான்ஸ்டிட்யூஷன், 2025 டிசம்பர் 31ஆம் தேதியோடு அச்சுப் பதிப்பையே நிறுத்துவதாக அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் அறிவித்தது.

டிஜிட்டல் கூப்பனுக்குப் பேப்பர் வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம். அப்படியென்றால் பழைய குறை தீர்ந்துவிட்டதா? இல்லை. நுழைவுச்சீட்டின் விலை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அன்று ஒரு டாலரோ இரண்டு டாலரோ கொடுத்தால் போதும். இன்று ஸ்மார்ட்போன், இணைய இணைப்பு, கடையின் உறுப்பினர் கணக்கு, தன் வாங்கும் பழக்கத்தைக் கடைக்குத் தெரியக் கொடுக்கும் சம்மதம் எல்லாம் வேண்டும். அலமாரியில் பெரிய எழுத்தில் தள்ளுபடி விலை ஒட்டியிருக்கும், ஆனால் செயலி இல்லாத முதியவர் கவுண்டரில் முழு விலை கட்டிவிட்டுப் போவார். ஐம்பது ஆண்டு கூப்பன் வெட்டிப் பழகியவர்களில் பலர் இந்த முதியவர்கள்தான். நுகர்வோர் அமைப்புகள் 2022 முதல் இதைக் கண்டித்துவருகின்றன. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரசபை 2025இல் ஒரு விதியையே இயற்றியது. டிஜிட்டலில் மட்டும் தள்ளுபடி என்று அறிவிக்கும் மளிகைக்கடை, கேட்கிறவருக்கு அதே விலையைக் காகிதக் கூப்பனாகவும் கொடுக்க வேண்டும்.

வலாசிஸின் இணைப்பு 1972இல் வந்ததற்கும் சான் டியேகோவின் விதி 2025இல் வந்ததற்கும் இடையே 53 ஆண்டுகள். அவ்வளவு காலம் சீட்டை வீடு வீடாகச் சேர்க்கும் வேலையைச் செய்தது, செய்திக்காக என்று அச்சான ஒரு பேப்பர். அது மலிவாக இருந்த வரை, கையில் காசு குறைவாக இருந்தவரும் தன் நேரத்தைக் கொடுத்துக் குறைந்த விலையை வாங்கிக்கொள்ள முடிந்தது. அந்த வழியைச் சந்தை தானாகத் திறந்து வைத்திருந்தது. இப்போது அதைத் திறந்து வைக்க ஒரு நகரசபை சட்டம் போட வேண்டியிருக்கிறது.